கல்லீரல் சமைக்கிறது, இதயம் உண்கிறது

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதற்கான ஆற்றலைத் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு கையிருப்பில் இருப்பதோ சில நொடிகளுக்குத்தான். செலவாகச் செலவாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதயத் தசைச் செல்லின் கன அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, ஏடிபியை ஆக்கும் ஆலைகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

எரிபொருள் விஷயத்தில் இதயம் பிகு செய்துகொள்வதில்லை. கொழுப்பு அமிலம்தான் அதன் முதன்மை எரிபொருள். ஆனால் குளுக்கோஸ், லாக்டேட், கீட்டோன் என்று ரத்தத்தில் எது கூடுதலாக வருகிறதோ அதையும் எடுத்துக்கொள்ளும்.

பட்டினியில் இன்சுலின் குறையும்போது, சேமிப்பிலிருந்து வெளிவரும் கொழுப்பின் ஒரு பகுதியைக் கல்லீரல் கீட்டோனாக மாற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதைக் கல்லீரலால் எரிக்க முடியாது. அதற்குத் தேவையான ‘ஸ்காட்’ என்ற நொதி கல்லீரல் செல்களில் இல்லை. ஆக்கியதெல்லாம் இதயம், மூளை, தசைகளுக்குப் போய்விடுகிறது.

இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோனிலிருந்து முதல் நொதி ஹைட்ரஜனைப் பிரிக்கிறது, அசிட்டோஅசிட்டேட் கிடைக்கிறது. எரிபொருளை இறுதியாக எரிக்கும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியில் இருக்கும் சக்சினைல் கோ-ஏவிடமிருந்து கோ-ஏ என்ற துணை மூலக்கூறைப் பிடுங்கி, அசிட்டோஅசிட்டேட்டின்மேல் ஏற்றுகிறது ஸ்காட். மூன்றாவது நொதி அதை இரண்டாக உடைக்க, இரண்டு அசிட்டைல் கோ-ஏ சுழற்சிக்குள் நுழைகின்றன. இலவசமாக அல்ல: கோ-ஏவை இரவல் கொடுத்ததால், சுழற்சியில் ஓர் ஆற்றல் மூலக்கூறு உருவாகும் படி தவறிப்போகிறது. ஆனாலும் மூன்றே படிகள். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் என்ற கொழுப்பு அமிலமோ, கார்னிட்டின் என்ற சுமக்கும் மூலக்கூறின் துணையோடு உள்ளே வந்து, 7 சுற்றுகள் வெட்டுப்பட வேண்டும்.

ரத்தத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடியாமல் செயலிழக்கும் இதயத்தில் கொழுப்பை எரிக்கும் திறன் பெரும்பாலும் குன்றுகிறது. அத்தகைய இதயம் கீட்டோனை அதிகமாக நாடுகிறது என்பதை, எலிகளிலும் மனிதர்களிலும் நடந்த இரு ஆய்வுகள் 2016இல் காட்டின. இது நோயின் விளைவா, தற்காப்பா? தற்காப்பு என்றே நினைக்கிறேன். இதயத்தில் ஸ்காட் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு, அழுத்தச் சுமை கூடியபோது இதயம் மேலும் மோசமாகச் சிதைந்தது. 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கீட்டோனை ரத்தநாளம் வழியே செலுத்தினார்கள். இதயம் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் ரத்தத்தைக் கூடுதலாக வெளியேற்றியது.

இதை வைத்துக் கீட்டோனை ‘அதிசய எரிபொருள்’ என்று கொண்டாடுவது மிகை. ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிடச் சற்று அதிக ஏடிபி தருகிறது, உண்மைதான். குளுக்கோஸ் அதையும் மிஞ்சுகிறது. வேறொரு வேலையும் கீட்டோனுக்கு உண்டு: சில மரபணுக்களைத் திறந்துவிட்டு, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்கும் திறனைச் செல்லுக்குக் கூட்டுவது எலிகளில் தெரிந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் பாதிக்கும் சேதம் அது.

சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகள், ரத்தத்தில் கீட்டோனைச் சிறிதளவு உயர்த்துகின்றன. இதயச் செயலிழப்புக்கும் அவை பலன் தருகின்றன. அந்தப் பலனில் கீட்டோனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஓயவில்லை. அரிதாகச் சிலருக்கு இதே மருந்தால் கீட்டோன் எல்லை மீறி, ரத்தம் அமிலமாகிவிடுகிறது. அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறையச் சாதாரணமாகவே இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர்கள் கீட்டோனைத் தனியாகச் சோதிக்கிறார்கள்.