பெர்ஜுரி: ஆணையிட்டுச் சொன்ன பொய்

பாரிமுனையில் ஒரு தட்டச்சுக் கடையில் போன மாதம் பிரமாணப் பத்திரம் அடித்து வாங்கினேன். "மேற்சொன்னவை யாவும் உண்மை என உறுதிகூறுகிறேன்" என்ற கடைசி வரியைக் கடைக்கார அம்மா தாளைப் பார்க்காமலேயே அடித்து முடித்தார். "இங்கே கையெழுத்துப் போடுங்கள், சார்" என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிக்கு மேலே தெரிந்தே ஒரு பொய் இருந்திருந்தால், அதற்கு ஆங்கிலத்தில் பெர்ஜுரி என்று பெயர்.

இதைச் சிலர் 'பொய் சொன்ன குற்றம்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லத்தீனில் 'யூராரே' என்றால் ஆணையிடுதல். 'பெர்' என்ற முன்னொட்டு இங்கே நெறி பிறழ்ந்ததைக் காட்டுகிறது. ஜூரி என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆணையை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடுகிறது.

நம் சட்டம் இதைப் 'பொய்ச் சாட்சியம் அளித்தல்' என்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 191ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 227. நீதிமன்ற நடவடிக்கையில் என்றால் 7 ஆண்டு வரை சிறை. பழைய பிரிவோடு சேர்ந்த ஓர் எடுத்துக்காட்டு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உண்மை சொல்வதாக ஆணையிட்ட ஒருவர், எதுவுமே தெரியாமல், "இன்னார் அன்று அந்த இடத்தில் இருந்தது எனக்குத் தெரியும்" என்கிறார். அந்த இன்னார் உண்மையிலேயே அங்கே இருந்திருந்தாலும் அது பொய்ச் சாட்சியம்தான். தெரியும் என்று சொன்னாரே, அதுவே பொய்.

தமிழுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. கரி என்றால் சாட்சி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் சதுக்கப் பூதம் தண்டிப்பவர்களில் 'பொய்க்கரியாளர்' உண்டு. சூள் என்றால் ஆணை. தலைவன் செய்த சூள் பொய்த்ததால் தெய்வம் அவனை வருத்துமோ என்று சங்கப் பாடல்களில் தலைவி அஞ்சுகிறாள். பெர்ஜுரியின் வேர்ப்பொருளுக்குப் 'பொய்ச்சூள்' அப்படியே பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுவே. ஆனால் சூள் இன்று பேச்சில் இல்லை. கரி என்றாலோ அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும்.

ஆகவே கூண்டில் நின்று சொன்னதற்குப் பொய்ச்சாட்சி என்று எழுதுவேன். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரைச் சாட்சி என்று யாரும் சொல்வதில்லை. அங்கே பொய்ச்சத்தியம் பொருந்தும். "மனுதாரர் பொய்ச்சத்தியம் செய்திருக்கிறார்" என்றால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் விளங்கும்.