கிராமத்துப் பசங்களை ஹெல்த்கேர் வேலைக்குத் தயார் பண்றதை எப்போ ஆரம்பிக்கணும்?

நான் நர்சிங் சொல்லிக்கொடுக்குற ஆளு. கிராமத்துல இருந்து வந்து சேர்ற பசங்க முதல் வருஷத்துல எங்க திணறுறாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்குறேன், அதை வெச்சுத்தான் இதை எழுதுறேன். ஸ்கூல்ல படிக்கும்போதே ஆரம்பிக்கணும்ங்கிறதுதான் என் பதில். மார்க் கம்மிங்கிறதால மட்டும் யாரும் திணறுறதில்ல. நோயாளியாவோ நோயாளிக்குத் துணையாவோ போனதைத் தவிர ஆஸ்பத்திரிக்குள்ள அவங்க கால் வெச்சிருக்க மாட்டாங்க, உள்ள யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு சொல்ல வீட்லயும் ஆள் இருக்காது, கண்ணுலயே படாத வேலைக்கு ஒரு பிள்ளை எப்படிங்க ஆசைப்படும்?

ஸ்கூல்ல போய் ஆஸ்பத்திரில என்னென்ன வேலை இருக்குன்னு கேட்டா டாக்டர், நர்ஸ், அதோட நின்னுடும். எக்ஸ்ரே, சிடி எடுக்குற ரேடியோகிராபர், டயாலிசிஸ் டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டாக்டர் பக்கத்துலயே நிக்குற அனஸ்தீசியா டெக்னாலஜிஸ்ட், பக்கவாதம் வந்தவங்களுக்குத் திரும்பப் பேசப் பயிற்சி கொடுக்குற ஸ்பீச் தெரபிஸ்ட், வென்டிலேட்டர் ரிப்பேரானா சரிபண்ற பயோமெடிக்கல் இன்ஜினியர்னு சொல்லிட்டே போனா அப்பத்தான் சில பசங்க நிமிந்து உக்காருவாங்க. எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே ஆகாதுன்னு ஒதுங்கி நிக்குற பிள்ளைக்கும் இதுல இடம் இருக்கு.

அந்த ரத்த பயத்தைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா இதனாலயே நல்ல பிள்ளைங்க பின்வாங்குறாங்க. ரத்தத்தைப் பாத்து மயக்கம் வர்றது கோழைத்தனமே கிடையாது, நாடித்துடிப்பும் பிரஷரும் திடீர்னு இறங்கி மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் குறையுது, அவ்வளவுதான். வெறும் வயித்தோட வார்டுக்கு வராதீங்க, தலை சுத்துற மாதிரி இருந்தா வெக்கப்படாம உடனே உக்காந்துடுங்க இல்ல படுத்துடுங்க, கை கால் தசையை இறுக்கிப் பிடிச்சு வெச்சாலும் பிரஷர் ஏறும். பழகப் பழக பெரும்பாலானவங்களுக்கு இது குறைஞ்சுடும்.

அடுத்தது கணக்கு. சயின்ஸ் படிச்சாப் போதும்னு நினைச்சுட்டு கணக்கை விட்டுடுறாங்க, எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம். 500 மில்லி டிரிப்ஸ் 4 மணி நேரத்துல ஏறணும்னு டாக்டர் எழுதியிருக்கார்னு வைங்க, 1 மில்லிக்கு 20 சொட்டு விழுற டியூப் செட்னா மொத்தம் 10,000 சொட்டு, 4 மணி நேரம்னா 240 நிமிஷம், வகுத்தா நிமிஷத்துக்கு சுமார் 42 சொட்டு. சின்ன கிளாஸ்ல படிச்ச பெருக்கலும் வகுத்தலும்தான் இது, ஆனா தப்பாப் போட்டு வேகமா ஏறிடுச்சுன்னா இதய பலவீனம் இருக்குறவங்களுக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். இதை ஸ்கூல்லயே கணக்கு டீச்சர் ஒரு தடவை போட்டுக் காட்டினா விகிதம், சதவீதம் எல்லாம் எதுக்குன்னு பிள்ளைக்குப் புரிஞ்சுடும். பக்கத்துல உக்காந்திருக்குற பிள்ளையோட நாடியை 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கச் சொல்லுங்க, அதுக்கு ஒரு காசும் செலவில்ல.

இதெல்லாம் கேக்க நல்லாருக்கு, நடக்குமான்னு கேக்குறவங்களுக்கு, நடந்திருக்கு. பிலிப்பைன்ஸ்ல லெய்ட்டி தீவுல 1976ல ஆரம்பிச்ச ஒரு பல்கலைக்கழக சுகாதாரப் பள்ளில ஊர்க்காரங்களே பரிந்துரைச்சு அனுப்புற பிள்ளை முதல்ல மகப்பேறு உதவியாளர் படிப்பு படிக்கும், ஊருக்குப் போய் வேலை பாக்கும், அப்புறம் நர்சிங், அதுக்கும் மேல டாக்டர்னு படிப்படியா ஏறலாம், எந்தப் படில நின்னாலும் கையில ஒரு தொழில் இருக்கும். ஜப்பான்ல 1972ல தொடங்கின ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு மாகாணத்துல இருந்தும் மாணவர்களை எடுத்து ஃபீஸை அவங்க தலையில போடாம படிக்க வெக்கிறாங்க, பதிலுக்கு சொந்த மாகாணத்துல சுமார் 9 வருஷம் வேலை பாக்கணும். உலக சுகாதார நிறுவனமும் கிராமங்கள்ல சுகாதார ஊழியர்களைத் தக்க வெக்கிறது பத்தி 2010ல வெளியிட்ட பரிந்துரைகள்ல கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைத் தேடி எடுக்கச் சொல்லுச்சு, 2021ல அதைப் புதுப்பிச்சப்பவும் இதை விடல. காரணம் நேரானது, கிராமத்துல வளந்தவங்கதான் கிராமத்துல வேலை பாக்கத் திரும்பிப் போக வாய்ப்பு அதிகம்.

ஆனா சீட் வாங்கிக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. தென்னாப்பிரிக்காவுல இங்வாவுமாங்கிற ஊர்ல மாஸ்வோல்ட் ஆஸ்பத்திரியைச் சுத்தி 1999ல ஒரு ஸ்காலர்ஷிப் திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல பணத்தோட சேத்து மென்டரையும், அதாவது கூடவே இருந்து வழிகாட்டுற ஒரு ஆளையும் கொடுத்தாங்க, லீவுக்கு வந்தா ஊர் ஆஸ்பத்திரிலயே வேலை கத்துக்கணும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த மென்டர் விஷயம்தான். முதல் ஆறு மாசம் பிள்ளைங்க பாடத்தோட மட்டும் மல்லுக்கட்டுறதில்ல, இங்கிலீஷ்ல நடத்துற கிளாஸ், ஹாஸ்டல் தனிமை, சந்தேகம் கேட்டா சிரிப்பாங்களோங்கிற கூச்சம், முதல் தடவை ஒரு சாவைப் பக்கத்துல நின்னு பாக்குறது, எல்லாம் ஒண்ணா வந்து விழும். அந்த நேரத்துல அதே மாதிரி ஊர்ல இருந்து வந்த ஒரு சீனியர் வாரம் ஒருதடவை போன் போட்டுப் பேசினாலே பாதி பேர் படிப்பை விட்டுட்டு ஊருக்குக் கிளம்பிடலாமான்னு யோசிக்கிறதை நிறுத்திடுவாங்க, இது என் அனுபவத்துல சொல்றேன்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கா, முடிச்சா அந்தத் தொழிலுக்குப் பதிவு கொடுக்குற கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமான்னு கவுன்சில்லயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, காலேஜ் விளம்பரத்தை மட்டும் நம்பாதீங்க. சேந்ததும் ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாவும் பரவுற கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டாச்சான்னு பாருங்க, போடலன்னா வழக்கமா மூணு டோஸ், முதல் டோஸுக்கு ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது, அதனால வார்டு போஸ்டிங் வர்ற வரைக்கும் தள்ளிப்போடாதீங்க.

ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க இதைப் படிச்சா உங்க நிர்வாகத்துக்கிட்ட அரை நாள் அனுமதி கேளுங்க, பக்கத்துக் கிராமத்து ஸ்கூல்ல இருந்து பத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் லேப், ஃபார்மசி, பிளட் பேங்க், கருவிகளை ஸ்டெரிலைஸ் பண்ற இடம் இதெல்லாம் காட்டுங்க. முதல் தடவையே ஐசியு வேணாம். நோயாளிங்க இருக்குற பக்கம் போனா அவங்ககிட்ட முதல்ல கேட்டுக்கங்க, போன் எல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சுடுங்க, அங்க வேலை பாக்குறவங்கள்ல யாராவது கிராமத்துல இருந்து வந்தவங்களா இருந்தா அவங்களைப் பேசச் சொல்லுங்க.