கடற்பஞ்சு, துளையுடலி: எந்தச் சொல் எதற்கு?

ஸ்பாஞ்சு என்றதும் பாத்திரம் துலக்கும் மஞ்சள் துண்டுதான் இப்போது கண்ணுக்கு முன் வரும். ஆலையில் செய்த அந்தத் துண்டு, கடலில் வாழும் ஒரு விலங்கின் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறது. கிரேக்கத்தில் ஸ்போங்கோஸ், லத்தீனில் ஸ்போங்கியா. மத்தியதரைக் கடலில் மூழ்கி எடுத்து, சதையை அலசிப் போக்கினால் மிஞ்சும் மெத்தென்ற கூட்டைத்தான் அவர்கள் குளிக்கப் பயன்படுத்தினார்கள். நீரை உறிஞ்சும் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் தமிழிலும் கடற்பஞ்சு என்கிறோம்.

பெயர் அழகுதான். ஆனால் கோவில்பட்டிக் கரிசலில் வெடிக்கும் பருத்தியை நினைத்துக்கொண்டு கடலோரப் பாறையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இங்கே பாறையில் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் மெல்லிய பூச்சாகப் படர்ந்தவை. உடலுக்குள் கண்ணாடிபோன்ற சிலிக்கா நுண்முட்கள் இருக்கும், பாடப்புத்தகம் ஸ்பிக்யூல் என்பது இவற்றைத்தான். வெறுங்கையால் அழுத்தாதீர்கள், சில இனங்களைத் தொட்டால் கை அரித்துத் தள்ளிவிடும்.

தேடும்போது கைகொடுப்பது இன்னொரு சொல். 1836இல் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட் கடற்பஞ்சுகள் அடங்கிய தொகுதிக்கு, அதாவது விலங்குலகின் அந்தப் பெரும்பிரிவுக்கு, 'போரிஃபெரா' என்று பெயரிட்டார். லத்தீன் வேர்களின்படி, துளைகளைத் தாங்கியது என்று பொருள். நம் பாடப்புத்தகத்தின் 'துளையுடலிகள்' அதற்கு நேரான சொல். உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் வழியே நீர் உள்ளே போகும், பெரிய துளை வழியே வெளியே வரும். அந்த நீரில்தான் அதற்கு உணவும் மூச்சும்.

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கியது என்று செய்தி வருமே, பாசி படிந்த பாறைகள் தெரியும் அந்த நேரம்தான் பார்க்கத் தோது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இராது, அதனால் இந்த நாட்களை விட்டால் சிரமம். பாறையின் வெயில் படும் மேல்முகத்தை விட்டுவிடுங்கள், காய்ந்தால் இது பிழைக்காது. நீர் தேங்கிய குழிகள், நிழலான இடுக்குகள், கல்லின் அடிப்புறம் இங்கே பாருங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருப்பதெல்லாம் சாகும்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே இனம் வெயிலில் ஒரு நிறமும் நிழலில் ஒரு நிறமுமாக இருக்கும். எரிமலை வாய்போலச் சற்றே மேடான துளைகள் ஆங்காங்கே தெரிந்தால் கடற்பஞ்சு என்று சந்தேகப்படலாம். குழம்ப வைப்பது அசிடியன் என்ற உயிர்தான். அதுவும் கூட்டமாகப் பாறையில் படரும். ஆனால் அதன் மேல் வழுவழுவென்று இருக்கும், தொட்டால் துளைகளைச் சட்டென்று சுருக்கிக்கொள்ளும். கடற்பஞ்சு அப்படி அவசரப்படாது. இனப்பெயர் வரை போக வேண்டுமானால் கண்ணளவு போதாது. சிறு துணுக்கை பிளீச்சில் கரைத்து, மிஞ்சும் முட்களின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்வார்கள். சுண்ணாம்பு முள் உள்ளவை வினிகர் பட்டாலே நுரைத்துக் கரையும்.

கரையில் ஒதுங்கும் சங்கிலும் சிப்பியிலும் ஊசி குத்தியதுபோலத் துளைகள் இருக்கும். புழு அரித்தது என்று தூக்கிப் போடுவோம். பல சமயம் அது க்ளியோனா என்ற கடற்பஞ்சின் வேலை, சிப்பியைக் குடைந்து அதற்குள்ளேயே வாழும் வகை. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிக்கும் அது தொல்லை.

ஆகவே உயிரைச் சொல்லக் கடற்பஞ்சு, தொகுதியைச் சொல்லத் துளையுடலி. ஸ்பாஞ்சு என்பதை அடுக்களைக்கே விட்டுவிடலாம்.