வைக்கோல் சுவருக்குள் ஈரம் புகும் வழிகள்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பும் வீடு கேட்டு வருகிறவர்கள் முதலில் தீயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறுக்கிக் கட்டிய வைக்கோலுக்குள் காற்று அதிகம் புகாது. இருபுறமும் பூச்சும் இருந்தால் எளிதில் பற்றாது. ஈரத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இந்தச் சுவரைக் கெடுப்பதோ அதுதான்.

வைக்கோலில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். அதனால் வாங்கும்போதே ஈரம் அளக்கும் மீட்டரின் நீண்ட ஊசியைக் கட்டின் நடுவரை செருகிப் பார்க்கிறேன். 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்தக் கட்டு வேண்டாம். முதல் போக நெல்லான விரிப்பின் அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் போகமான முண்டகன் அறுத்து வெயிலில் காய்ந்த வைக்கோல்தான் சுவருக்கு ஆகும். தூண் நிறுத்திக் கூரையை முதலில் போட்டுவிடுங்கள், அப்புறம் கட்டுகளை அடுக்கலாம். பூச்சு வேலை இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் முடிந்தாக வேண்டும்.

அடித்தளம் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரட்டும். மழை தெறிப்பது அதுவரை வரும். வீட்டுக்குள்ளும் முதல் வரிசைக் கட்டை நேரே தரையில் வைக்கக் கூடாது. நாம் வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவுகிறவர்கள். இரண்டு மரச்சட்டம் போட்டு, நடுவில் ஜல்லி நிரப்பி, அதன்மேல் அடுக்குங்கள். குளியலறைக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் செங்கல் சுவர்தான். தண்ணீர்க் குழாய் வைக்கோலுக்குள் போகவே கூடாது.

நான் அதிகம் பயப்படும் இடம் ஜன்னலின் அடிப்பகுதி. சாரல் கண்ணாடியில் வழிந்து அங்கேதான் இறங்கும். அடிப்பலகை வெளிப்பக்கம் சரிந்து, பூச்சைத் தாண்டி நீண்டு, அடியில் நீர் சொட்டக் கோடு வெட்டியிருக்க வேண்டும். அதன் கீழே மட்டும் தண்ணீர் புகாத தாள் விரியுங்கள். முழுச் சுவரையும் பிளாஸ்டிக்கால் போர்த்தினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. மேற்குச் சுவருக்கு அகலமான தாழ்வாரம் கட்டாயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மழையைப் படுக்கையாகவே அடிக்கும்.

சிமெண்ட் பூச்சு வேண்டாம் என்றால் பலர் முகம் சுளிக்கிறார்கள். சிமெண்டில் விழும் மயிரிழை விரிசல் தண்ணீரை உள்ளே விடும், காய மட்டும் விடாது. சுண்ணாம்புப் பூச்சு ஆவியை வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அந்தப் பலனும் போச்சு, சுண்ணாம்பே அடியுங்கள்.

புழுக்கமான ஊரில் இது நிற்குமா? அமெரிக்காவின் அலபாமாவில், நல்ல மழை பெய்யும் ஹன்ட்ஸ்வில் நகரில், 1938-இல் கட்டி முடித்த பரிட் மாளிகையின் சுவர்களுக்குள் வைக்கோல்தான். இன்று அது அருங்காட்சியகம்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜன்னல்களுக்குக் கீழே மீட்டரைச் செருகிப் பாருங்கள். 20-ஐத் தாண்டினால் முதலில் தண்ணீர் ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள். பிறகு அங்கே பூச்சைப் பெயர்த்து, நனைந்த வைக்கோலை எடுத்துவிட்டு, காய்ந்ததைத் திணித்து, மறுபடி சுண்ணாம்பு பூசினால் போதும்.