ஓய்வூதியச் செலவு: பென்சன் என்ற சொல்லும் அதன் கணக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் "அவருக்குப் பென்சன் வருது" என்றால், அது மூன்று வகைப் பணத்தில் எதுவாகவும் இருக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ அரசாங்க ஆஸ்பத்திரி ஊழியராகவோ இருந்து ஓய்வு பெற்றவருக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுப்பது ஒன்று. நோய்வாய்ப்பட்டு வேலை செய்ய முடியாமல் போனவருக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கொடுப்பது இன்னொன்று. இது தொழிலாளியும் முதலாளியும் கட்டிய சந்தாவிலிருந்து வருகிறது. மூன்றாவது, சமூக நல இலாகாவின் முதியோர் உதவி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 வெள்ளியாக உயர்ந்தது. இது உதவித்தொகைதான், பென்சன் என்பது ஊர் வைத்த பெயர். பால்மரம் சீவியவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கும் இருப்பது 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. அது அவரவர் சேமிப்பு, எடுத்தால் தீர்ந்துவிடும். நாளிதழில் வரும் "ஓய்வூதியச் செலவு" முதல் வகையை மட்டுமே குறிக்கும்.

பென்சன் என்பதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. எடை போடுவதற்கும் பணம் செலுத்துவதற்கும் அங்கே ஒரே வினைச்சொல்; நாணயத்தை நிறுத்துக் கொடுத்த காலத்து வழக்கு அது. ஆங்கிலம் வழியாக மலாய்க்குப் போய் 'பென்சென்' ஆனது. மலாய்க்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் 'பெர்சாராஆன்' என்ற சொல், பிழைப்புக்கு வேண்டிய பொருளைக் குறிக்கும் 'சாரா'விலிருந்து வந்தது.

தமிழில் பழைய பெயர் உபகாரச் சம்பளம். கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுக்கிறார் என்ற தொனி அதில் உண்டு. பின்னால் நிலைத்த ஓய்வூதியம் வேறு விதம். "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" என்ற குறளில் ஊதியம் என்றால் ஆதாயம், பெறும் பயன். பிற்காலத்தில் அது உழைப்புக்கான கூலியைக் குறித்தது. ஆகவே ஓய்வூதியம், உழைத்தபோதே ஈட்டி ஓய்வில் கைக்கு வரும் கூலி.

மலேசியச் சட்டம் இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் நிற்கிறது. 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எந்த அதிகாரிக்கும் ஓய்வூதியத்தின் மீது முழு உரிமை கிடையாது என்கிறது. உபகாரச் சம்பளத்தின் குரல் அது. ஆனால் அரசியலமைப்பின் 147ஆம் விதி, பணியில் சேர்ந்தவருக்குப் பொருந்தும் ஓய்வூதியச் சட்டத்தை அவருக்குப் பாதகமாகப் பின்னால் மாற்ற விடாது. 2013இல் அரசாங்கம் ஆண்டுதோறும் 2 விழுக்காடு உயர்வு என்ற முறையைக் கொண்டுவந்தபோது இது சோதிக்கப்பட்டது. முந்திய முறையில், பணியில் இருப்பவர்களின் சம்பள அளவு திருத்தப்பட்டால் அதே பதவியில் ஓய்வு பெற்றவரின் பென்சனும் திருத்தப்படும். ஓய்வு பெற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், அந்தத் திருத்தம் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிப்படுத்தியது. செலவு ஏன் எளிதில் குறைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

தனி ஒருவரின் கணக்கு சிக்கலில்லாதது. கடைசி அடிப்படைச் சம்பளத்தைச் சேவை மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுக்க வேண்டும். 30 ஆண்டு, அதாவது 360 மாதம் வேலை செய்து 6,000 வெள்ளியில் ஓய்வு பெறும் ஆசிரியைக்கு மாதம் 3,600 வெள்ளி. 360 மாதமே உச்சம். 35 ஆண்டு உழைத்தாலும் பென்சன் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டாது. பலர் தடுக்கி விழும் இடம், அலவன்ஸ்களையும் சேர்த்துக் கணக்குப் போடுவது. வீட்டு அலவன்ஸ் இதில் சேராது. கூடவே ஒரே தடவையாக வரும் பணிக்கொடை: மாதங்கள், சம்பளம் இரண்டையும் பெருக்கி அதில் 7.5 விழுக்காடு. மேலே சொன்ன ஆசிரியைக்கு 1,62,000 வெள்ளி.

இப்படி இலட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கும்போது வரும் தொகை 2010இல் சுமார் 1,150 கோடி வெள்ளி. 2022இல் 3,000 கோடியைத் தாண்டியது. 2040இல் 12,000 கோடியாகும் என்று 2024 ஜனவரியில் துணைப்பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி சொன்னார். அரசியலமைப்பின் 98ஆம் விதிப்படி இது கூட்டரசின் (மத்திய அரசாங்கத்தின்) தொகுப்பு நிதி மீது நேரே சாரும் செலவு. மற்றச் செலவுகளைப் போல நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வாக்கெடுக்க வேண்டியதில்லை. இதற்கென்றே 2007இல் அமைந்த 'குவாப்' என்ற ஓய்வூதிய நிதியம் இருக்கிறது. கூட்டரசு தன் ஊழியர் சம்பளச் செலவுக்கான ஒதுக்கீட்டில் 5 விழுக்காட்டையும், நகராண்மைக் கழகம் போன்றவை அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டையும் அதில் கட்டுகின்றன. இருந்தும் மாதாமாதம் போகும் பணத்தில் மிகப் பெரும்பகுதி நடப்புச் செலவிலிருந்தே வருகிறது.

2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பென்சன் இல்லை, சேமநிதியும் சொக்சோவும்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது அவசரம். புதியவர்களுக்கு முதலாளி என்ற முறையில் அரசாங்கம் தன் பங்கை இப்போதே கட்ட வேண்டும், பழையவர்களுக்குப் பென்சனும் கொடுக்க வேண்டும். சேமிப்பு கண்ணுக்குத் தெரிய முப்பது ஆண்டு போல ஆகும்.

எனவே தமிழில் எழுதும்போது இரண்டு சொல் தேவை. ஓராண்டில் கையை விட்டுப் போவது ஓய்வூதியச் செலவு. இன்று பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வில் இருப்பவர்களுக்கும் இனிமேல் கொடுக்க வேண்டிய மொத்தம் ஓய்வூதியக் கடப்பாடு. செய்தித்தாள்கள் விரும்பும் "ஓய்வூதியச் சுமை" விவரம் அல்ல, ஒரு பக்கத்தின் கருத்து.

பென்சன்காரர் இறந்தபின் துணைக்குப் போகும் 'பென்சென் தெர்பிதான்' என்பதற்குக் குடும்ப ஓய்வூதியம் பொருத்தம். இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பத்திரத்தில். 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணத்துக்குச் சான்றிதழ் இருக்காது. மனைவியின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்து என்றாலும் இழுபறிதான். இறப்பை உடனே தெரிவிக்காவிட்டால், அதன்பின் வங்கிக் கணக்கில் விழுந்த பென்சனைத் திருப்பிக் கேட்பார்கள்.