நூலகப் பதிவேட்டை யார் கேட்கலாம்?

நூலகத்துக்குள் நுழைந்ததும் வாசலருகே ஒரு மேசை. அதன் மேல் நீளமான ஒரு பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா. பெயர், முகவரி, நேரம், கையொப்பம் என்று கட்டங்கள். சில இடங்களில் கைபேசி எண்ணுக்கும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். சேலம் நகரத்திலும் ஏற்காட்டு மலையிலும் நான் போகும் நூலகங்களில் இதுதான் வழக்கம். நாமும் யோசிக்காமல் எழுதிவிட்டு உள்ளே போகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, ஒரு கிளை நூலகத்தில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தேன். சீருடை இல்லாத ஒருவர் வந்தார். காவல்துறையைச் சேர்ந்தவன் என்று சொல்லி, ஓர் இளைஞரின் பெயரைக் குறிப்பிட்டு, இங்கே வருவாரா, என்ன நூல்கள் எடுப்பார் என்று நூலகரிடம் கேட்டார். நூலகர் எழுந்து நின்று பதிவேட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. கடிதம் உண்டா என்றும் கேட்கவில்லை. வந்தவர் கைபேசியில் நான்கு பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த நான்கு பக்கங்களில் என் பெயரும் இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பெண்களின் கைபேசி எண்களும் இருந்தன.

நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய்மொழியாகக் கேட்டால் தர வேண்டியதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவருக்காகவும், அவர் மேசையைக் கடந்து உள்ளே போகும் நம் எல்லோருக்காகவும்தான் இந்த விளக்கம்.

சட்டம் எங்கே பேசுகிறது, எங்கே மௌனமாகிறது

சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் கண்டது நம் மாநிலம்தான். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அது. இன்று தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து வருவது இந்தச் சட்டத்தால்தான். மாவட்ட நூலக ஆணைக்குழு எப்படி அமைய வேண்டும், வரி எப்படி வசூலாக வேண்டும், பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகிறது. ஆனால் யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரத்தை வெளியாருக்குத் தரக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. 1948இல் நூல்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதே பெருங்கவலையாக இருந்தது. வாசிப்பவரைக் காக்க வேண்டிய தேவை அப்போது தோன்றியிருக்காது.

ஆனால் இரண்டே ஆண்டுகளில் அந்தத் தேவை சேலத்தில் எழுந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தனர். மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று அரசு தடை விதித்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். அதே ஆண்டு மே 26 அன்று தடை ரத்தானது. கருத்துரிமை என்றால் எழுதுகிறவரின் உரிமை மட்டும் இல்லை, எழுதியது வாசகர் கைக்குப் போய்ச் சேரும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்பதை நிலைநாட்டிய முதல் தீர்ப்புகளில் அது ஒன்று. தடை இருந்த அந்த மூன்று மாதங்களில் அந்த இதழைக் கையில் வைத்திருந்தவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

இன்றைக்கும் நிலைமை அவ்வளவு தூரம் மாறிவிடவில்லை. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்து இளைஞர் ஒருவர் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் படிக்க விரும்பலாம். எட்டு வழிச்சாலைக்காக நிலம் அளக்கப்பட்ட 2018இல் சேலத்து விவசாயிகள் நில எடுப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தார்கள். அம்மாப்பேட்டையில் ஒரு பெண், வீட்டில் யாருக்கும் தெரியாமல் விவாகரத்துச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். இவர்களில் யாரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தை எடுக்கக் கை நீளாது.

நம் பக்கம் நிற்கும் தீர்ப்புகள்

நூலகச் சட்டம் மௌனமாக இருந்தாலும் அரசியலமைப்பு மௌனமாக இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

அதற்கும் முன்னதாக, 2004இல் வந்த கனரா வங்கி வழக்குத் தீர்ப்பு நூலகத்துக்கு இன்னும் நெருக்கமானது. மாவட்ட ஆட்சியரிடம் அதிகாரம் பெற்று வரும் எவரும் வங்கிக்குள் புகுந்து வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்க்கலாம் என்று ஆந்திர மாநிலம் முத்திரைத்தாள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்திருந்தது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒருவர் தன் ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்ததால் அதன் மீதான அந்தரங்க உரிமையைக் கைவிட்டவர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். வங்கிக்குப் பொருந்துவது நூலகத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் வாசிப்பு. பதிவேடு நூலகத்துடையது. அதில் உள்ள என் விவரம் என்னுடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 28 அன்று, பீமா கோரேகாவ் வழக்கில் கைதான செயற்பாட்டாளர் வெர்னான் கொன்சால்வஸுக்குப் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டும் எழுத்தாகவே இருந்தாலும் அதைக் கையில் வைத்திருந்தது மட்டுமே உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்படி பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்றது. வைத்திருப்பதே குற்றம் இல்லையென்றால், நூலகத்திலிருந்து இரவல் வாங்கியது எப்படிக் குற்றமாகும்?

காவல்துறை கேட்டால்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஆவணத்தைக் கேட்கும் அதிகாரம் அதன் 94ஆவது பிரிவில் வருகிறது. நீதிமன்றம் என்றால் அழைப்பாணை அனுப்ப வேண்டும். காவல்துறை என்றால் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். அது தாளாகவும் இருக்கலாம், மின்னணு வடிவிலும் இருக்கலாம். ஒரு புலனாய்வுக்கோ விசாரணைக்கோ அந்த ஆவணம் தேவை என்பதே அந்த ஆணைக்கு அடிப்படை. "யார் யார் என்ன படிக்கிறார்கள், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன்" என்பதற்கு இந்தப் பிரிவில் இடம் இல்லை.

அதே பிரிவில் என்னை வருத்தும் ஒன்று உண்டு. அஞ்சல் துறையின் பொறுப்பில் இருக்கும் கடிதத்தை, ஒரு சாதாரண அஞ்சலட்டையைக்கூட, இந்தப் பிரிவைக் காட்டிக் காவல் நிலையம் கேட்க முடியாது. அதற்கு மாவட்ட நடுவர் (மாவட்ட ஆட்சியர்), தலைமை நீதித்துறை நடுவர், அமர்வு நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். வங்கிக் கணக்கேடுகளுக்கு 1891ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, அதற்கும் இந்தப் பிரிவு வழி விடுகிறது. நூலகப் பதிவேட்டுக்கு மட்டும் அப்படி எந்த வேலியும் இல்லை. ஓர் அஞ்சலட்டைக்குக் கிடைக்கும் மரியாதை நாம் வாசித்த நூல்களின் பட்டியலுக்குக் கிடைக்கவில்லை. இதைச் சட்டமன்றம் சரிசெய்ய வேண்டும். நூலகச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.

அதுவரை நூலகர் செய்யக்கூடியது இதுதான். வந்தவரின் அடையாள அட்டையைப் பார்க்கலாம். எழுத்தில் தாருங்கள், மாவட்ட நூலக அலுவலருக்குத் தெரிவித்துவிட்டுத் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம். இது மறுப்பு ஆகாது, சட்டம் சொல்லும் வழியும் இதுவே. முறையான ஆணை வந்துவிட்டால் அதற்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும், தராமல் இருப்பது குற்றமாகும். அப்போதும் ஆணையில் கேட்டது எதுவோ அதை மட்டும் தர வேண்டும். ஒருவருடைய ஒரு நாள் வருகையைக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியின் நகல் போதும். முழுப் பதிவேட்டையும் தூக்கிக் கொடுத்தால் மற்ற நூறு பேரின் விவரமும் சேர்ந்து போகிறது. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்ற வாரண்டு இல்லாமல் காவல்துறையே வந்து சோதனை செய்யவும் அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் வேறு வழியில் தாமதமின்றி ஆவணம் கிடைக்காது என்பதற்கான காரணத்தையும் தேடும் பொருள் இன்னது என்பதையும் முதலில் எழுதி வைக்க வேண்டும், அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும், எடுத்ததற்குப் பட்டியல் போட வேண்டும், சோதனை முழுவதும் ஒலி ஒளிப் பதிவாக வேண்டும். நூலகர் பெண்ணாக இருந்தால், சாட்சியம் கேட்கக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த 179ஆவது பிரிவு இடம் தரவில்லை. அவர் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

கணினியில் என்றால் விதி வேறு

நூலகத்துக் கணினியில் நீங்கள் தேடுவதைக் கண்காணிக்க 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69 உதவிக்கு வருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு தொடங்கி எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் என்பது வரை அதன் காரணங்கள் நீள்கின்றன. ஆணையிடும் அதிகாரம் ஒன்றிய உள்துறைச் செயலருக்கும் மாநில உள்துறைச் செயலருக்கும்தான் உண்டு. அவசரம் என்றால் மாநிலத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரி தொடங்கலாம், பிறகு மேலிடத்து ஒப்புதல் வேண்டும். ஓர் ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. 2018 டிசம்பர் 20 அன்று பத்து அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு இந்த அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தது. உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. கண்காணிக்கப்படுவது ரகசியமாக வைக்கப்படுவதால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து வந்து கணினியைத் திறந்து காட்டு என்று கேட்பது இந்தப் பிரிவின் கீழ் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இணைய மையங்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கடுமையானவை. அடையாள அட்டை கேட்க வேண்டும், பார்த்த தளங்களின் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்புச் சுவர் நாலரை அடிக்கு மேல் எழக் கூடாது. ஆனால் இவை இணைய வசதியை வணிகமாகத் தருகிறவர்களுக்கானவை. கட்டணம் இல்லாமல் அரசு நடத்தும் நூலகத்தை இந்த வரையறைக்குள் இழுப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் உயிர்பெறும். தேவை முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பவை நல்ல விதிகள். ஆனால் குற்றப் புலனாய்வுக்கு விலக்கு உண்டு, அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கும் விலக்கு உண்டு. முக்கியமாக, அது டிஜிட்டல் விவரத்துக்கு மட்டுமே. வாசல் மேசையில் இருக்கும் தாள் பதிவேடு அதன் பார்வையில் படவே படாது.

அமெரிக்க நூலகர்கள் செய்தது

2001 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த பேட்ரியட் சட்டத்தின் 215ஆவது பிரிவு, எந்த ஆவணத்தையும் ரகசிய நீதிமன்ற ஆணை மூலம் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கேட்கலாம் என்றது. கேட்டதை வெளியே சொல்லவும் தடை. நூலகர்கள் எழுப்பிய எதிர்ப்பால் அதற்கு நூலகப் பிரிவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில், நீதிமன்றம் போகாமலே எஃப்.பி.ஐ. அனுப்பிய வேறொரு வகைக் கடிதத்தை நான்கு நூலகர்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். கடிதம் வந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற வாய்ப்பூட்டு மறு ஆண்டே நீங்கியது. 215ஆவது பிரிவு 2020 மார்ச்சில் காலாவதியானது. அங்குள்ள பல நூலகங்கள் அந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: நூல் திரும்பி வந்ததும் யார் எடுத்தார் என்ற பதிவை அழித்துவிடு. இல்லாத பதிவை எந்த ஆணையாலும் வாங்க முடியாது.

இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கைபேசி எண் எதற்கு? எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் துறைக்குத் தேவையென்றால் பெயரும் கையொப்பமும் போதும். முந்தைய பக்கங்களை ஒரு அட்டையால் மறைத்து வைத்தால், அடுத்து வருகிறவர் முன்னவர் முகவரியைப் படிக்க மாட்டார். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, ஒரு பழைய நாட்காட்டி அட்டை போதும்.

மற்றதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம் எழுதுங்கள். வருகைப் பதிவேடும் நூல் வழங்கும் பதிவேடும் எத்தனை ஆண்டு வைக்கப்படுகின்றன, எந்த ஆணைப்படி வைக்கப்படுகின்றன, கைபேசி எண்ணை வாங்கச் சொன்ன சுற்றறிக்கை எது, கடந்த மூன்று ஆண்டுகளில் வெளித் துறைகள் எழுத்தில் எத்தனை முறை வாசகர் விவரம் கேட்டன என்று கேளுங்கள். எவருடைய பெயரையும் கேட்காதீர்கள். தனிநபர் விவரத்தை அச்சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. உங்கள் விவரம் ஆணை இல்லாமல் வெளியே போனது தெரியவந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.