அருகிய இனம்: சொல் விளக்கம்

அருகுதல் என்றால் குறைந்து போதல், அரிதாகிப் போதல். அரிது, அருமை ஆகியவற்றோடு உறவுள்ள சொல். 'அந்த வழக்கம் இப்போது அருகிவிட்டது' என்று எழுதுகிறோமே, அதே அருகுதல்தான். பக்கம் என்ற பொருளில் வரும் 'அருகு' இங்கே சேராது.

ஒரு காலத்தில் இருந்த அளவு இப்போது இல்லை என்பதை இந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 'அரிய இனம்' அப்படியல்ல. ஏதோ ஒரு தீவில் மட்டும் வாழும் செடி எப்போதுமே கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். அது அரியது, ஆனால் அருகியது என்று சொல்ல முடியாது. செய்திகளில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். போடக்கூடாது.

'எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்' என்பதற்கு ஈடாகத்தான் 'அருகிய இனம்' வந்தது. டேஞ்சர் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் மூலம், தலைவன் அல்லது எஜமான் என்று பொருள்படும் லத்தீன் 'டொமினுஸ்'. தொடக்கத்தில் அதற்கு ஆபத்து என்ற பொருள் கிடையாது. எஜமானுக்கு இன்னொருவர் மேல் உள்ள அதிகாரம், அவரைத் தண்டிக்கும் வல்லமை என்பதே பொருள். ஒருவரின் டேஞ்சரில் இருப்பது என்றால் அவர் பிடிக்குள் இருப்பது. ஆபத்து என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

ஆக, ஆங்கிலச் சொல் ஆபத்தைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் எண்ணிக்கை குறைந்ததைச் சொல்கிறது. இந்த வேறுபாடு சின்னதல்ல. பிணந்தின்னிக் கழுகு வகைகளில் ஒன்றான வெண்முதுகுப் பாறுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில், உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே இதுதான் மிக அதிகம் என்று கருதப்பட்டது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் உடலுக்குள் போனது. சிறுநீரகம் செயலிழந்தது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. இந்தியாவில் அவற்றின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. 2004இல் காரணம் தெரியவந்து, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015இல் புட்டியின் அளவையும் குறைக்க வேண்டியிருந்தது. வானம் நிறையப் பறந்துகொண்டிருந்தபோதே அந்தப் பறவை அழிவுக்குள் போய்விட்டது. அப்போது அதை 'அருகிய' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதனால்தான், அழிவு அபாயத்தின்படி உயிரினங்களை வகைப்படுத்தும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை, சரிவின் வேகத்தையும் பார்க்கிறது. பட்டியல் 1964இல் தொடங்கியது. எண் அளவுகோல்கள் 1994இல் வந்தன. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அதைக் கணக்கில் கொள்கிறார்கள். குறைவுக்கான காரணம் நீங்காத நிலையில், சரிவு 80 விழுக்காடானால் 'மிக அருகிய இனம்', 50 ஆனால் 'அருகிய இனம்', 30 ஆனால் 'அழிவாய்ப்பு இனம்'. தமிழில் ஓரளவு நிலைபெற்ற பெயர்கள் இவை. இந்த மூன்றுக்கும் பொதுப்பெயராகச் சிலர் 'அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள்' என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை; யாரோ மிரட்டுவது போலிருக்கிறது. 'அழிவு அபாயத்தில் உள்ள இனங்கள்' என்பதே தெளிவு. ஓர் உயிர் கூட மிஞ்சாமல் போனால் 'அற்றுப்போன இனம்'. வம்சம் அற்றுப்போனது என்று நாம் சொல்லும் அதே அறுதல்.

சரி, இப்போது பெரிய குழப்பத்துக்கு வருவோம். சிவப்புப் பட்டியல் ஓர் உயிரினத்தின் உடல்நிலை அறிக்கை மாதிரி. அதற்குச் சட்ட வலு இல்லை. யாரையும் தடுக்கும் அதிகாரம் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் உள்ள அட்டவணைகளுக்கே உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு அட்டவணைகள் இருந்தன. 2022 திருத்தத்தில் நான்காயின. அட்டவணை மாறினால் விலங்கின் எண்ணிக்கை மாறிவிட்டது என்று பொருளில்லை.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப் பூனையினம் 2024 ஜூனில் சிவப்புப் பட்டியலில் 'அருகிய' நிலையிலிருந்து, அதைவிட அபாயம் குறைந்த 'அழிவாய்ப்பு' நிலைக்கு வந்தது. 2001இல் வளர்ந்த விலங்குகள் 62 மட்டுமே, 2022இல் 648. அதே 2024 டிசம்பரில், ஐரோப்பியக் காட்டுயிர்களைக் காக்கும் பெர்ன் ஒப்பந்தத்தின் நாடுகள் ஓநாயை 'கண்டிப்பாகப் பாதுகாக்கப்பட்டவை' பட்டியலிலிருந்து 'பாதுகாக்கப்பட்டவை' பட்டியலுக்கு வாக்கெடுத்து இறக்கின. முதலாவது பல ஆண்டு உழைப்பில் ஓர் இனம் தேறியது. இரண்டாவது அரசுகள் எடுத்த முடிவு. இரண்டுக்கும் 'அந்தஸ்து குறைப்பு' என்று ஒரே தலைப்புப் போட்டால், வாசகருக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே தெரியாது. லின்க்ஸுக்கு 'நிலை தேறியது' என்றும், ஓநாய்க்கு 'பாதுகாப்பு தளர்த்தப்பட்டது' என்றும் எழுத வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. 2025 அக்டோபரில் சிவப்புப் பட்டியலில் பச்சை ஆமை 'அருகிய' நிலையை விட்டுக் கவலை குறைந்த நிலைக்கு வந்தது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (சைட்டிஸ்) முதல் இணைப்பில் அது அப்படியே இருக்கிறது, நாடுகளுக்கிடையிலான விற்பனைத் தடையும் தொடர்கிறது. எனவே உலக அளவில் அதை இனி 'அருகிய இனம்' என்று எழுதுவது தவறு. 'பாதுகாக்கப்பட்ட இனம்' என்று எழுதுவது இன்னமும் சரி.